கொன்றை விதைக்கு வெந்நீர்

கொன்றை விதையை முளைக்கப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் பொன்னுரங்கத்தின் எரிச்சல் உங்களுக்குப் புரியும்.

மடத்து வாசலில் சரக்கொன்றை வளர்க்கும் வேலையை அவரிடம் விட்டிருந்தார் குரு மாதங்கியம்மாள். குருவைவிடச் சீடருக்கு வயது கூட. பொறுமைதான் கம்மி.

"தாயே, மண்ணு போட்டேன், சாணி போட்டேன், வேளாவேளைக்குத் தண்ணி ஊத்துதேன். கல்லைப் புதைச்ச மாதிரி அப்படியே கிடக்கு!"

"வெந்நீர் போடும்," என்றார் குரு.

"குளிக்கவா?"

"விதைக்கு."

விதைகளைத் தோண்டி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினார் குரு. பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டார். விடிந்து பார்த்தால் விதைகள் உப்பி ஊறியிருந்தன. தொட்டியில் ஊன்றினார்கள். சில நாளிலேயே பச்சை எட்டிப் பார்த்தது.

"விளங்கிட்டு, தாயே!" என்று துள்ளினார் பொன்னுரங்கம்.

"என்ன விளங்கிச்சு? இரும்..."

அதற்குள் அவர் வீட்டுக்கு ஓடிவிட்டார்.

மறுவாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னய்யா?"

"என் மக வடிவுக்குப் பேச்சு திக்கும்லா. இத்தனை நாளும் செல்லமாச் சொல்லிப் பாத்தேன், சரியாவல. அவளுக்கும் சூடுதான் வேணும்னு தெரு கேக்கக் கத்துனேன். திக்காமச் சொல்லுட்டி, திக்காமச் சொல்லுட்டின்னு."

"சரியாயிட்டா?"

"எங்க? இப்ப எங்கிட்ட வாயே திறக்க மாட்டேங்கா. ஏன் தாயே, சூடு பத்தலையோ?"

குரு தலையில் கைவைத்துக்கொண்டார்.

"உம்மோட மாரடிக்க என்னால ஆகாதுய்யா!"

விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனவர், வெந்நீர்ச் செம்பைத் துணி சுற்றி எடுத்துவந்து அவர் கையில் திணித்தார்.

"தொட்டியில ஊத்தும்."

"எதுல, கொன்றையிலயா? நல்லாச் சொன்னிய! வெந்துல்லா போயிரும்?"

"அன்னைக்கு நான் ஊத்துனப்ப வேகலையே?"

"அன்னைக்கு அது கல்லு மாதிரி விதை. இது இப்பத்தான தலைநீட்டின குருத்து! இதுல போய் யாராவது..."

பாதியில் நிறுத்தினார். செம்பைக் கீழே வைத்தார்.

குரு செம்பை ஓரமாக நகர்த்தினார்.

படலைத் தள்ளிக்கொண்டு வடிவு வந்தாள். அப்பாவின் மத்தியானச் சோற்றைத் தூக்குவாளியோடு எட்டத்திலேயே வைத்துவிட்டு, பேசாமல் திரும்பினாள்.

"உம்ம மக போறா," என்றார் குரு.

பொன்னுரங்கம் எழுந்து ஓடினார். மகளுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

"வடிவு, இன்னைக்கு என்ன கொழம்புன்னு சொல்லேன். எம்புட்டு நேரமானாலும் நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."