சகடைக்கு எண்ணெய்

மலைமேல் ஒரு சின்ன மடம். ஒரு குரு, ஒரே ஒரு சீடர். சீடர் தாண்டவராயன் குருவைவிட வயதில் மூத்தவர். கீழே சைக்கிள் கடை வைத்திருந்தவர். வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் போனபின் இங்கே வந்து சேர்ந்தார்.

ஒருநாள் கல்யாணத்துக்குப் போனவர் முகம் வாடித் திரும்பினார்.

"சாமி, ஒண்டிக்கட்டைன்னா என்ன அர்த்தம்?"

"யாரு சொன்னா?"

"பந்தியில ஒருத்தரு. 'அவரு ஒண்டிக்கட்டைதானே, எங்க வேணா உக்காருவாரு'ன்னு சிரிச்சாரு. எனக்குச் சோறே எறங்கல. நான் செத்தா யாரு சாமி வருவா?"

குரு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். கயிற்றை இழுக்க இழுக்கச் சகடை கிரீச் கிரீச்சென்று கத்தியது.

சைக்கிள் கடைக்காரருக்கு அது பொறுக்குமா? மனசைத்தான் சரிபண்ண முடியவில்லை, இதையாவது பண்ணுவோம் என்று அன்று சாயங்காலமே சகடைக்கு எண்ணெய் விட்டார்.

மறுநாள் விடியலில் குரு தண்ணீர் இறைத்தார். சத்தமே இல்லை. தாண்டவராயனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வெயில் ஏறும் நேரத்தில் ஒருவர் மூச்சிரைக்க மேலே வந்தார். கையில் மடிப்புக் கலையாத புது வேட்டி. குருவைக் கண்டதும் திகைத்து, வேட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"யாருய்யா நீங்க?"

"இருளப்பன், சாமி. ஓடைக்கு அந்தப் பக்கம் மாந்தோப்புல காவலுக்கு இருக்கேன்."

"என்ன விஷயம்?"

"தெனம் விடியக்காலம் சகடை கத்தும். சாமி எந்திரிச்சிட்டாருன்னு நானும் எந்திரிப்பேன். இன்னிக்குச் சத்தத்தக் காணோம்." மறைத்த வேட்டியை முன்னால் கொண்டுவந்தார். "சாமிக்கும் என்னைய மாதிரி யாரும் இல்லையே. செத்தா மேல கோடித்துணி போட ஒரு ஆளாவது வேணாமா? எனக்குன்னு எடுத்து வச்சிருந்த வேட்டி இது."

குருவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருவர் தினமும் காது கொடுத்திருப்பது அவருக்கே தெரியாது. கை நீட்டி வேட்டியை வாங்கிக்கொண்டார்.

"உசுரோடவே கட்டிக்கிறேன்."

இருளப்பன் சிரித்தார், அழுதார். கஞ்சி குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

தாண்டவராயன் தலை குனிந்து நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேன் சாமி. எண்ணெயத் தொடச்சிடட்டுமா?"

"தொடச்சிடுங்க" என்றார் குரு. "நாளையில இருந்து தண்ணி நீங்க எறைங்க. அவரு காதுல உங்க சத்தம் விழட்டும்."