வரகு ஏழு தோல் போர்த்திய கதை

அந்தக் காலத்தில் தானியங்களுக்கு உமியும் கிடையாது, வாய்க்குப் பூட்டும் கிடையாது. கதிரிலிருந்து உதிர்த்து அப்படியே உலையில் போட வேண்டியதுதான். நெல்லுக்கு அப்போதே தலைக்கனம். காலடியில் தண்ணீர் நிற்காவிட்டால் யாரோடும் பேசாது. கம்பு ஊர் வம்பு முழுவதையும் அளந்துகொண்டிருக்கும். வரகு மட்டும் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும்.

அப்படியொரு நாளில், வானம் பார்த்த சீமை ஒன்றில் மழை பொய்த்தது. ஊர்ச்சனம் விதைக்கு வைத்திருந்ததையும் பொங்கித் தின்றுவிட்டுப் பிழைப்புத் தேடிக் கிளம்பியது. கொப்பாயி மட்டும் போகவில்லை. அவள் புருசன் சோலையன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு முன்பே மேற்கே போயிருந்தான். "மழை விழுந்ததும் வந்துருவேன். விதையை மட்டும் பத்திரமா வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனவன். அந்த ஊரில் விதை வீட்டுக்காரியின் பொறுப்பு. அவள் கையால் அள்ளிக் கொடுத்தால்தான் ஆண்பிள்ளை வாங்கி விதைக்கலாம். அதனால் கொப்பாயி இருந்தாள்.

வீட்டு மூலையில் தானியம் கொட்டிவைக்கும் மண் குலுக்கை. அதன் அடியில் கொஞ்சம் வரகு கிடந்தது. அதைத் தொடாமல், பனங்கிழங்கையும் கற்றாழைக் கிழங்கையும் அவித்துத் தின்று நாளை ஓட்டினாள். பேச்சுத் துணைக்கும் அந்த வரகுதான்.

"இன்னைக்கு மேகம் வந்துச்சா தாயி?" என்று கேட்கும் வரகு.

"வந்துச்சு. எட்டிப் பாத்துட்டுப் போயிருச்சு."

"உன் வீட்டுக்காரரு?"

"அவரு எட்டிக்கூடப் பாக்கல."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். காலியான ஊரில் அந்தச் சிரிப்பு ஒன்றுதான் மனுசச் சத்தம்.

ஒருநாள் குலுக்கையைத் திறந்தால் மேலே கிடந்த வரகெல்லாம் தூளாக இருந்தது.

"வண்டு அரிச்சிருச்சு தாயி," என்றது மிச்ச வரகு. "அடுத்த மழைவரைக்கும் தாங்க மாட்டேன். பேசாம என்னையப் பொங்கித் தின்னுரு. உன் உடம்புலயாவது ஒட்டுவேன்."

"உன்னையத் தின்னுட்டு, அந்த மனுசன் வந்து விதை கேட்டா வெறுங்கையை நீட்டவா?"

வரகு ஒரு வழி சொன்னது. "அப்படின்னா நான் தோல் போர்த்திக்கிடுறேன். வண்டு பல்லு இறங்காது. ஆனா போர்த்தப் போர்த்த என் சத்தம் உனக்குக் கேக்காமப் போயிரும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று கொப்பாயிக்குத் தோன்றவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். விதையை நினைத்தாள்.

"போர்த்திக்க," என்றாள்.

அந்த வருசமும் மழை இல்லை. மறுவருசமும் இல்லை. ஒவ்வொரு வருசமும் வரகு இன்னொரு தோலை இழுத்துப் போர்த்தியது. முதலில் அடுத்த வீட்டிலிருந்து பேசுவதுபோல் இருந்தது. பிறகு குலுக்கைக்குள் தலையை விட்டால்தான் கேட்டது. ஆறு தோல் ஆனபின், ஒரு கையளவு அள்ளிக் காதோடு அழுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"இன்னொன்னு போர்த்துனா அவ்வளவுதான் தாயி. எதுவும் சொல்லணும்னா இப்பவே சொல்லிரு."

சொல்ல எவ்வளவோ இருந்தது. "போர்த்திக்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு ஓவென்று அழுதாள். ஏன் அழுகிறாய் என்று கேட்க அந்தச் சீமையில் யாரும் இல்லை.

அடுத்த ஆடியில் மழை கொட்டியது. போன சனம் ஒவ்வொருவராகத் திரும்பி, கையில் விதை இல்லாமல் கொப்பாயி வாசலில் வந்து நின்றது. அந்தக் கூட்டத்தில் சோலையனோடு ஆடு மேய்க்கப் போனவனும் இருந்தான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"அண்ணன் ஆத்தங்கரையில நெல்லு வெள்ளாமை பண்றாரு மதினி. அங்கயே ஒருத்தியக் கட்டி, பிள்ளைகுட்டியும் ஆயிருச்சு. இனிமே இந்தப் பக்கம் வர மாட்டாரு."

கொப்பாயி உள்ளே போய்க் குலுக்கையைத் திறந்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் தன் கையாலேயே விதை அள்ளிக் கொடுத்தாள். வாங்கி விதைக்க ஆளில்லாத தன் நிலத்தில் தானே இறங்கி விதைத்தாள்.

வரகு விளைந்தது. பிறந்த ஒவ்வொரு மணியும் ஏழு தோலோடு பிறந்தது. "என்ன எழவு இது, உரிக்க உரிக்கத் தோலா வருது!" என்று ஊர்ப் பெண்கள் சலித்துக்கொண்டார்கள். கொப்பாயி சலிக்கவில்லை. உரலில் போட்டுக் குத்தினாள், புடைத்தாள், மறுபடி குத்தினாள். குத்தக் குத்த, சோலையன் வராத கதையை ஒன்றுவிடாமல் வரகுக்குச் சொன்னாள். இந்தத் தோல் கழன்றால் பேசும், அடுத்தது கழன்றால் பேசும் என்று கை வலிக்கக் குத்தினாள். ஏழாவது தோலும் கழன்றது. ஒரு பிடி அள்ளிக் காதோடு வைத்துக் காத்திருந்தாள்.

வரகுக்குப் பேச்சு மறந்துபோயிருந்தது.

உலை கொதித்தது. வரகைக் கழுவிப் போட்டு, வடித்து, தட்டில் போட்டுத் தனியாக உட்கார்ந்து தின்றாள். மறுநாள் மதியம்வரை பசிக்கவில்லை.

அன்று முதல்தான் வரகு ஏழு தோல் போர்த்திக்கொண்டு விளைகிறது; எத்தனை வருசம் கிடந்தாலும் கெடாமல் முளைக்கிறது. அன்று முதல்தான் வரகு குத்தும் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் உரலைப் பார்த்துப் பேசுகிறார்கள். பேசி முடித்ததும், பதிலுக்காகக் கொஞ்ச நேரம் உலக்கையை நிறுத்துகிறார்கள்.