தையச்சிட்டு அறுத்த நூல்

அந்தக் காலத்துல, எறும்புக்கும் ஒரு பேச்சு எருமைக்கும் ஒரு பேச்சுன்னு எல்லாம் வாயத் தொறந்து நாயம் பேசிக்கிட்டிருந்த காலத்துல, ஒரு கம்மாக்கரையில பூவரச மரம் ஒண்ணு நின்னுச்சு. அந்த மரத்துல வடிவுன்னு ஒரு தையச்சிட்டு இருந்தா. ஆளு கட்டவிரல் அளவுதான். முதுகு பச்ச. உச்சந்தலையில குங்குமத்தக் கொட்டுன மாதிரி செவப்பு. வாலு மட்டும் யாரையோ சண்டைக்கு இழுக்குற மாதிரி எப்பவும் நிமிந்தே நிக்கும். எலையோட எலையச் சேத்துத் தச்சு, அந்தப் பைக்குள்ள பஞ்ச மெத்தையாப் போட்டுக் குடியிருக்கிறதுதான் அவ கூட்டத்துப் பொழப்பு.

அப்பல்லாம் தையச்சிட்டுக்கு ஒத்த நூலுதான். மொதத் தையல்லருந்து கடேசித் தையல் வரைக்கும் ஒரே இழுப்பு. நடுவுல முடிச்சு கூடாது, ஒட்டு கூடாது. அறுந்த நூல்ல தச்ச வீடு தங்காதுன்னு வடிவோட அம்மா சொன்னா, அவளுக்கு அவ அம்மா சொன்னா. யாரும் தச்சுப் பாத்ததில்ல. சொன்னாங்க, கேட்டாங்க, அவ்வளவுதான்.

பங்குனியில இலவங்காய் வெடிச்சுப் பஞ்சு பறக்கும்லா, அப்ப வடிவு போயிப் பொறுக்கிக்கிட்டு வருவா. அந்த இலவ மரத்துல ஒரு கிளி இருந்துச்சு. காய் இன்னைக்குப் பழுக்கும் நாளைக்குப் பழுக்கும்னு மாசக்கணக்காக் காத்துக் கெடந்துட்டு, அது வெடிச்சுப் பஞ்சாப் பறக்கவும், மூக்குல பஞ்சு ஒட்டுனபடியே ஒக்காந்து அழுதுக்கிட்டிருந்துச்சாம். வடிவு கிட்டப் போயி, "கிளியக்கா, நீங்க அழுவுறது அழுவுங்க. அந்த மூக்குல இருக்க பஞ்ச மட்டும் எடுத்துக்கிடவா?"ன்னு கேட்டாளாம். அப்படி ஒரு நூல் பைத்தியம்.

சரி, கிளி கெடக்கட்டும். அந்த வருசம் வடிவு நூத்த நூலு இருக்கே, அது மாதிரி அந்தக் கரையில யாரும் கண்டதில்ல. ஆவாரங்குச்சியில சுத்தி வச்சிருப்பா. மயிரிழை கணக்கா மெலிசு, வெயில்ல காட்டுனா பாலு மாதிரி மின்னும். சித்திர முச்சூடும் நூத்தா. வைகாசியும் நூத்தா. ஆனி பொறந்தும் குச்சியக் கீழ வைக்கல.

மத்தியானம் வெயில் ஏறிட்டா பூவரசு நெழல்ல ஒரு கூட்டம் கூடும். அவங்கவங்க கைவேலையத் தூக்கிக்கிட்டு வந்துருவாங்க. பக்கத்துப் பனையில கூடு கட்டுற தூக்கணாங்குருவி அண்ணாச்சி, மஞ்சத் தலப்பாவும் அவருமா, புல்லக் கிழிச்சு நாராக்கிக்கிட்டே பேசுவாரு. அணிலக்கா தேங்கா நாரக் கொண்டாந்து பிரிச்சுப் போடுவா. சிலந்தி மதினி கெளையவிட்டு எறங்க மாட்டா, எட்டுக் காலையும் ஆட்டிக்கிட்டு மேலருந்தே எல்லாரு வேலைக்கும் நொட்டச் சொல்லு சொல்லுவா. குயிலும் வரும். அதுக்குக் கைவேல ஒண்ணும் தெரியாது, "ஆகா, என்ன அழகு"ன்னு பாடிக்கிட்டே யாரு கூடு எங்க இருக்குன்னு நோட்டம் பாக்கும். அது எதுக்குன்னு காக்காயக் கேட்டாத் தெரியும்.

யாரு கொடுக்காப்புளி கொண்டாந்தாலும் பங்கு உண்டு, யாரு புது முடிச்சுப் போட்டாலும் பத்துப் பேரு தலைய நீட்டிப் பாப்பாங்க. அந்த நேரந்தான் வடிவுக்கு உசுரு. நூல எடுத்து வெயில்ல ஒரு ஆட்டு ஆட்டுவா. எல்லாரும் மூச்சடச்சுப் பாப்பாங்க.

"தொட்டுப் பாக்கட்டுமாட்டி?"ன்னு அணிலக்கா கேப்பா.

"கையில பிசுக்கு இருக்கும். கண்ணால பாருங்க."

"அது சரி, எப்ப தைக்கப் போற?"ன்னு சிலந்தி மதினி மேலருந்து கேப்பா.

"இன்னும் நாலு மொழம் நூத்துக்கிடுதேன் மதினி. இந்த நூலுக்குன்னு ஒரு நல்ல எல அமையணும்லா."

போன மாசம் பூவரசுல தளிர் எல இருந்துச்சு, பூச்சி கடிச்சதுன்னா. அதுக்கு முன்ன அத்தி எலயப் பாத்தா, சொரசொரப்புன்னா. உள்ளதச் சொன்னா, தச்சுப்புட்டா நூலு எலைக்குள்ள போயிரும், அப்புறம் நெழல்ல ஆட்டிக் காட்ட என்ன இருக்கு? அவ வீட்டுக்காரன் மாசானம் மட்டும் நாள எண்ணிக்கிட்டே இருப்பான். தையல் வேல அவனுக்கு ஒண்ணும் தெரியாது, கெளைக்குக் கெளை தாவி 'டுவிக் டுவிக்'னு கத்துறதுதான் அவன் வேல.

"ஏட்டி, ஆடி பொறந்துட்டு. நீ முட்டைய நூலுக்கண்டு மேலயா போடப் போற?"

"நாளைக்குத் தைக்கேன். சும்மா கத்தாதிங்க."

"நீ நாளைக்குன்னு சொல்லி நாப்பது நாளாச்சு."

"அப்ப இன்னும் ஒரு நாளுதான?"

இப்படிச் சொன்ன மறுநாளு வடிவுக்கே தெரிஞ்சு போச்சு. அடிவயிறு கனத்துருச்சு. இன்னிக்கு விட்டா நாளைக்கு முட்ட வெளிய வந்துரும். நல்ல எல ரெண்ட இழுத்து வச்சு, ஓரத்துல அலகால ஓட்டையும் போட்டா. நூலுக் குச்சிய எடுக்கத் திரும்புறா, அப்பதான் காத்து எறங்குச்சு.

ஆடிக் காத்துன்னா உங்களுக்குத் தெரியாததா? ஆனா அன்னிக்கு அடிச்சது காத்தே இல்ல, பேயி. கம்மாத் தண்ணி கரைக்கு மேல ஏறி எட்டிப் பாத்துச்சு. பன மரத்துல ஓல கிழிஞ்சு பறக்கு. ஒரு நாழியில ஓஞ்சுட்டு, ஆனா ஓயும்போது பாத்தா, தூக்கணாங்குருவி அண்ணாச்சி கூடு நாலே நாருல தொங்குது. அதுக்குள்ள மூணு குஞ்சு. கீழ கம்மாத் தண்ணி. அவரு சம்சாரம் மட்டையில ஒக்காந்து அலறுறா.

பாவம் அந்த மனுசன், அந்தக் கூட்டக் கட்ட எம்புட்டுப் பட்டாரு. பாதி கட்டிட்டு, கட்டிக்கிடப் போற பொண்ணக் கூப்பிட்டுக் காட்டுவாரு, அவ உள்ள எட்டிப் பாத்து "சாஞ்சிருக்கு"ன்னுட்டுப் போயிருவா. மறுபடி கட்டுவாரு, "வாசல் கோணல்"ம்பா. அஞ்சாவது கூட்டுலதான் தலையாட்டுனா. அந்த அஞ்சாவது கூடுதான் இப்ப ஆடுது.

அண்ணாச்சி மூச்சு வாங்க ஓடி வந்தாரு. "வடிவு, நூலு! வயக்காட்டுக்குப் போயிப் புல்லுக் கிழிச்சுட்டு வர்றதுக்குள்ள விழுந்துரும் தாயி. மதினிகிட்ட கேட்டேன்..."

"எங்கிட்ட ஒரு இழை கெடையாது. நேத்துத்தான் முட்டப் பொதியச் சுத்தி முடிச்சேன், வயிறு வத்திக் கெடக்கு"ன்னு மேலருந்து சிலந்தி மதினி சொன்னா. அன்னிக்கு அவ கொரல்ல நொட்டச் சொல்லு இல்ல.

வடிவு குச்சியக் கவ்விக்கிட்டுப் பனைக்குப் பறந்தா. "அண்ணாச்சி, ஒரு நுனியப் புடிங்க, நா சுத்திச் சுத்தி வாரேன். பொறவு அவுத்துக்கிடுவோம்."

"அது வேலைக்காவாது தாயி. பன மட்ட ஓரத்துக் கருக்கு ரம்பம் மாதிரி. ஒத்த நூலாச் சுத்துனா, ஒரு எடத்துல அறுத்தாலும் அம்புட்டும் உருவிக்கிட்டு வந்துரும். துண்டு துண்டா வேணும். எட்டு எடத்துல எட்டுத் தனிக் கட்டு."

துண்டா! வடிவு குச்சிய றெக்கைக்குள்ள இழுத்துக்கிட்டா. மாசானம் பின்னாலயே பறந்து வந்தவன், "ஏட்டி, நாளைக்கு முட்ட. இதையும் அறுத்துட்டா நமக்கு வீடு?"ன்னு மெதுவாக் கேட்டான். அவன் மெதுவாப் பேசி அவ அன்னிக்குத்தான் கேட்டா.

நாலு நாருல ஒண்ணு பட்டுன்னு போச்சு. கூடு ஒரு பக்கம் சாஞ்சு, வாசல் வழியா ஒரு குஞ்சு தலைய நீட்டிச்சு. அதுக்கு என்ன தெரியும், இரை கொண்டாந்துருக்காவன்னு நெனச்சு வாயத் தொறந்துச்சு.

வடிவு கண்ண மூடிக்கிட்டு நூலக் கடிச்சா. நூலு அறுந்த சத்தம் அந்த அலறல்ல யாருக்குக் கேக்கும்? அவளுக்குக் கேட்டுச்சு.

எட்டுத் துண்டும் கட்டி முடிக்க, கூடு சிக்குன்னு நின்னுச்சு. அதுக்குள்ள அணிலக்கா, "ஏட்டி, எங்கூடும் வாயப் பொளந்துட்டு"ன்னு வந்தா. தேன்சிட்டு வந்தா. அந்தக் கரையில காத்து யார விட்டுச்சு? மொதத் துண்டுதான் வடிவுக்கு வலிச்சுது. அறுந்த நூலு அறுந்ததுதான், இனி அத வச்சு என்ன பண்ணன்னு கேட்டவங்களுக்கெல்லாம் கடிச்சுக் கடிச்சுக் குடுத்தா. பொழுது சாயும்போது குச்சி மொட்டையா நிக்கு. மிச்சம் நெல்லு நீளத்துக்குப் பொடித் துண்டா ஒரு வாய் அளவு.

மறுநாளு மத்தியானம், ஒண்ணுமே நடக்காத மாதிரி எல்லாரும் நெழலுக்கு வந்துட்டாங்க. ஆனா ஒவ்வொருத்தர் வாயிலயும் ஒண்ணு இருந்துச்சு. அண்ணாச்சி மெல்லிசு மெல்லிசாப் புல்லு நாரு. அணிலக்கா தேங்கா நாரு. சிலந்தி மதினி, ராத்திரி நாலு ஈயத் தின்னு ஊறவச்ச நூல எட்டுக் காலுலயும் சுருட்டிக்கிட்டு, பொறந்ததுலருந்து மொதத் தடவையாக் கெளைய விட்டு எறங்கி வந்தா.

"மூஞ்சிய ஏன்ட்டி தொங்கப் போட்டுருக்க? தொங்குறதெல்லாம் அண்ணாச்சி வீட்டு வழக்கம்லா"ன்னா மதினி.

"எல்லாம் துண்டால்ல இருக்கு மதினி. துண்டு நூல்ல தச்ச வீடு தங்காதும்பாங்க."

"யாரு தச்சுப் பாத்தா?"

வடிவுக்கு வயித்துல முட்ட வேற முட்டுது. ஒரு துண்ட எடுத்து ரெண்டு எலையோட ஓட்டையிலயும் கோத்து இழுத்தா. சர்ருன்னு உருவிக்கிட்டு வந்துட்டு. மறுபடி கோத்தா, மறுபடி உருவிட்டு. அண்ணாச்சி, "இப்படி ஒரு முடிச்சுப் போடு"ன்னு காட்டுனாரு. இத்தினியூண்டு துண்டுல எங்குன முடிச்சு விழும்? அணிலக்கா, "பிசின் வச்சு ஒட்டுவோம்"னு வேலாம் பிசினக் கொண்டாந்தா. அது எலையில ஒட்டல, அவ வாலுதான் மரத்துல ஒட்டிக்கிட்டு. ரெண்டு பேரு இழுத்துப் பிச்சு எடுத்தாங்க. அவ்வளவு கவலையிலயும் வடிவுக்குச் சிரிப்பு அடங்கல.

மாசானம் பாத்துப் பாத்துப் பொறுமை போயி, "என்னட்டி உருவுது உருவுதுன்னுட்டு! நா புடிச்சிருக்கேன், உருவட்டும் பாப்போம்"னு எலைக்கு வெளிய நீட்டிக்கிட்டிருந்த நுனிய அலகால கடிச்சு மென்னுக்கிட்டே நின்னான். ஆத்திரத்துல மென்ன மெல்லுல நுனி பிரிஞ்சு, பூ மாதிரி, பஞ்சா விரிஞ்சுட்டு. வடிவு அந்தப் பக்கம் இழுத்தா. வரல. பலமா இழுத்தா. பஞ்சு ஓட்டையில அடச்சுக்கிட்டு. வரவே இல்ல.

எல்லாரும் மாசானத்தப் பாத்தாங்க.

"எனக்கு மொதல்லயே தெரியும்"னான் அவன்.

அப்புறம் கேக்கணுமா? மதினி நூலு ஒரு தையல், அண்ணாச்சி நாரு ஒரு தையல், அணிலக்கா நாரப் பிரிச்சு ஒரு தையல், மிஞ்சுன இலவ நூல்ல ஒரு தையல். வடிவு குத்தக் குத்த மாசானம் நுனிய மென்னு மென்னு பூவாக்கிக்கிட்டே வந்தான். ரெண்டு எலையும் கைய சேத்துக் குவிச்ச மாதிரி குவிஞ்சுட்டு. மெத்தையப் போடவும், வடிவு உள்ள எறங்கவும், முட்ட விழவும் சரியா இருந்துச்சு. கடேசித் தையல் ஒண்ணு பாக்கி. அத வெளிய நின்னு அண்ணாச்சிதான் போட்டாரு. கோணல்தான். அவரு வீட்டம்மா பாத்துட்டு, "இதுவும் சாஞ்சுதான் இருக்கு"ன்னா.

நாலாம் நாளு மறுபடியும் அதே காத்து. வடிவு முட்டைய அணச்சுக்கிட்டு உள்ள ஒடுங்கிக் கெடந்தா. பட்டுன்னு ஒரு தையல் போற சத்தம். போச்சு, அம்புட்டும் உருவப் போவுதுன்னு மூச்சப் புடிச்சா. பழைய ஒத்த நூலா இருந்தா அதான் நடந்திருக்கும். காத்து ஓஞ்சு வெளிய வந்து பாத்தா, போனது ஒரே ஒரு தையல். மத்ததெல்லாம் அது அது எடத்துல அப்படியே நிக்கு. அந்தக் கோணத் தையலும் நிக்கு.

வடிவு நேரா மதினி வலைக்குப் பறந்து போயி, அந்தப் போன தையலுக்காக ஓரத்துல ஒரு இழையப் பிச்சா.

"ஏட்டி, கேட்டு எடுக்கணும்னு ஒரு மருவாதி இல்ல?"

"கேட்டாத் தருவீங்கன்னு தெரியும். அதான் கேக்கல."

மதினி நாலு ஏச்சு ஏசுனா. ஏசிக்கிட்டே இன்னொரு இழையையும் நீட்டுனா.

அன்னிக்குப் புடிச்சுதான் தையச்சிட்டு ஒத்த நூல்ல கூடு தைக்கிறதில்ல. தையலுக்கு ஒரு துண்டு, துண்டுக்கு ஒரு பஞ்சுப் பூ. கொல்லையில அதோட பழங்கூடு கெடந்தா எடுத்து உத்துப் பாருங்க, ஒண்ணு பஞ்சா இருக்கும், ஒண்ணு நாரா இருக்கும், ஒண்ணு சிலந்தி நூலா இருக்கும். சிலந்தி வலையில ஒரு ஓரம் பிஞ்சு கெடந்தாலும் அது இன்னைக்கு வரைக்கும் பக்கத்துல ஒரு இழைய அதிகமாப் போட்டுட்டு, தையச்சிட்டு வந்தா எடுத்துக்கிடட்டும்னு சும்மாத்தான் ஒக்காந்திருக்கு.