கடலிலிருந்து வந்த சம்மந்தி

தை மாதத்து விடியலில் கடலிலிருந்து எழுந்து ஊரை மூடுவதை மற்றவர்கள் மூடுபனி என்பார்கள். நண்டுக்குழி என்ற கடலோர ஊர்க்காரர்கள் அதைச் சம்மந்தி என்பார்கள். அந்தப் பெயர் வந்தது இப்படித்தான்.

நாகவல்லியின் மூத்த மகள் வேம்புவுக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. பெண் பார்க்க வந்தவர்களை 'வாங்க' என்று கூப்பிட ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது மூன்றாவது இடம் அமைந்து, கல்யாண நாளும் குறித்தாகிவிட்டது. இதுவும் போய்விடுமோ என்று நாகவல்லிக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் தரகர் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார்: "விடிஞ்சதும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கடல் வழியா வருவாங்க. எல்லாம் வெள்ளையும் சொள்ளையுமா, கரையே நிறைஞ்சிடும். கூப்பிட்டு உட்கார வையுங்க."

விடிந்தது. கடல் வழியாக வந்தது. வெள்ளையாக இருந்தது. கரை நிறைந்தது.

"அடேயப்பா, எவ்வளவு சனம்!" என்றார் நாகவல்லியின் புருஷன் கலியபெருமாள். "சோறு பத்தாது போலிருக்கே."

ஊரே கும்பிட்டு, ஆரத்தி எடுத்து, கதவைத் திறந்துவிட்டது. பனி உள்ளே வந்தது.

"ஒரு செருப்புச் சத்தம் இல்ல. நல்ல குடும்பம்" என்றார் ஊர்த்தலைவர் அம்மாசி.

இலை போட்டார்கள். யாரும் தொடவில்லை. நாகவல்லி கரண்டியோடு ஓடி வந்தாள். "சாம்பார்ல உப்பு கூடிப்போச்சா?"

அம்மாசி மூன்று இலையில் சாப்பிட்டுப் பார்த்தார். "உப்பு சரிதான்."

அப்போது, வழி தவறிய படகிலிருந்து இறங்கி, மாப்பிள்ளையோடு அவன் அப்பா சிங்காரு சொட்டச் சொட்ட வந்து கும்பிட்டார்.

"மெதுவா பேசுங்க. உள்ளே சம்மந்தி சாப்பிடுறாங்க" என்றார் அம்மாசி.

"நான்தான்யா சம்மந்தி!"

ஊர் கூடி யோசித்தது. "சம்மந்தின்னா இந்நேரம் கோவிச்சிருக்கணுமே?" என்றார் கலியபெருமாள். "இவரு கும்பிட்டுக்கிட்டுல்ல நிக்கிறாரு?"

சிங்காரு துண்டை உதறினார். "இந்த ஊர்ல பொண்ணு எடுத்தா நான் மனுஷனே இல்ல! ஏறுங்கடா படகுல!"

"இவரேதான்!" என்று நாகவல்லி ஓடிப்போய்க் காலில் விழுந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் அவரால் நகர முடியவில்லை. தாலி கட்டி முடிந்தது.

திரும்பிப் பார்த்தால், வெயில் ஏறி, வீட்டுக்குள் பனி இல்லை.

"ஐயோ, அந்தச் சம்மந்தி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களே!" என்று நாகவல்லி அழுதாள்.

"அழாதே. நமக்குத்தான் இளையவ அல்லி இருக்காளே" என்றார் கலியபெருமாள்.

மறு தையில் அல்லிக்குப் பட்டுப்புடவை கட்டிக் கரையில் நிறுத்தினார்கள். வெள்ளையும் சொள்ளையுமாக மொத்தக் கூட்டமும் வந்து இறங்கியது. நாகவல்லி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து தேடிவிட்டு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

"எல்லாரும் வந்திருக்காங்க. மாப்பிள்ளையத்தான் கூட்டிட்டு வர மறந்துட்டாங்க. பாவம், வெவரம் பத்தாத குடும்பம்."