அடைக்கோழிக்குப் பங்கு

தணிகாசலம் என்றால் சும்மாவா? கொல்லைக்கோழி வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் அல்லவா! ஞாயிறுதோறும் கூட்டம். சளி பிடித்த கோழிக்கு என்ன கொடுப்பது, பருந்திடமிருந்து குஞ்சை எப்படிக் காப்பது என்று பெண்கள் ஆளுக்காள் யோசனை சொல்லிக்கொள்வார்கள். தலைவர் வாயே திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்தச் சிரமத்துக்காக ஒவ்வொரு கூட்டத்திலும் வீட்டுக்கு ஒரு முட்டை என்று எல்லோரிடமும் வாங்கிக் கூடையில் சேர்த்துக்கொள்வார்.

ஒருமுறை தன் முட்டைகளைச் சங்கத்து உறுப்பினர் செல்லக்கிளியின் கோழியிடம் அடைவைத்தார். பொரிக்கும் குஞ்சுகளில் பாதி கோழிக்காரிக்கு என்பது ஊர் வழக்கம். குஞ்சுகள் கொழுகொழுவென்று இருக்கவே, தலைவருக்கு வழக்கம் மறந்துபோயிற்று.

"முட்டை என்னுது, குஞ்சும் என்னுது. உன் கோழி சும்மா உட்கார்ந்துதானே இருந்துச்சு? வேறென்ன வேலை பார்த்துச்சு, ஒண்ணே ஒண்ணு சொல்லு, பாதியைத் தர்றேன்" என்றார் நடுக்கூட்டத்தில்.

"ஒண்ணும் பார்க்கலைங்க தலைவரே. எல்லாத்தையும் நீங்களே வச்சுக்குங்க" என்று செல்லக்கிளி குஞ்சுக்கூடையைப் பணிவாக நீட்டினாள். தலைவர் பெருந்தன்மையோடு வாங்கிக்கொண்டார்.

அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களாக்கா? சும்மா உட்கார்ந்திருந்தா பங்கு கிடையாதாம். அவங்கவங்க முட்டையைத் திருப்பி எடுத்துக்குங்க. என் கோழியாவது குஞ்சு பொரிச்சுது!"

முட்டைக்கூடை பாதி காலியாவதற்குள் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார். பாதிக் குஞ்சுகளைத் தன் கையாலேயே கொண்டுவந்து செல்லக்கிளியின் மடியில் விட்டார். சங்கத்தில் அவர் வேலை பார்த்து எல்லோரும் கண்டது அன்றைக்குத்தான்.