பஸ்ஸில் போன மட்கார்டு

காருடைய மட்கார்டு, காரா இல்லையா? சிரிக்காமல் யோசித்துச் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்வியால் தாராபுரத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசாமல், நடுவில் குழந்தையை வைத்துக்கொண்டு "அப்பாகிட்ட சொல்லு", "அம்மாகிட்ட சொல்லு" என்று குடும்பம் நடத்தினார்கள்.

புருஷன் ரங்கநாதன், பெண்டாட்டி தேன்மொழி. அவர்களுக்குச் சோறு போடுவது ஒரு பழைய மோரிஸ் மைனர் கார். ரங்கநாதனின் அப்பா சென்னியப்பன் விட்டுப்போனது. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான் போகும். அதில் ஒரே ஒரு குறை. வலது பக்கம் பானட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நூல்கூட நுழையாது. இடது பக்கம் சுண்டுவிரலே நுழையும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். சென்னியப்பன் பானட்டை ஓங்கி அறைந்து சாத்திவிட்டு, "வெள்ளைக்காரனுக்கு இடது கை வாட்டம் பத்தலை" என்பார்.

அவருக்கு ஆகாத ஆள் ஒருவர் உண்டு: உடுமலையில் பட்டறை வைத்திருக்கும் டிங்கர் சலேத்நாதன். நசுங்கிய மோரிஸ் தகரத்தைத் தட்டியே பழைய வடிவத்துக்குக் கொண்டுவர அந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. ஒருநாள் நாலு பேர் முன்னால் அவர் சென்னியப்பனைப் பார்த்து, "தகரத்தை நான் நிமித்திடுவேன், ஓட்டறவரை யாரு நிமித்தறது?" என்று கேட்டுவிட்டார். "இனி அவன் கை என் வண்டிமேல படக்கூடாது" என்று சென்னியப்பன் சபதம் போட்டார். பிறகு ஒருமுறை புளியமரத்தில் மோதி இடது மட்கார்டு மடங்கியபோதும் மதுரையில் கொடுத்துச் சரிசெய்ததாகத்தான் சொன்னார். சாகக் கிடக்கும்போது மகனின் கையைப் பிடித்து, சலேத்திடம் வண்டியைக் கொடுக்கமாட்டேன் என்று வாக்கும் வாங்கிக்கொண்டார்.

போன மாதம் ஒரு லோடு வேன் ரிவர்ஸில் வந்து அதே இடது மட்கார்டை அப்பளமாக்கியது. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்தார், படம் எடுத்தார். "எங்க ஒர்க்‌ஷாப்புல விட்டா பைபர் மட்கார்டு போட்டுத் தருவாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஆள்கிட்டயும் குடுக்கலாம். யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. ஆனா அசல் தகரம் போயிட்டா அடுத்த வருசம் இந்த மதிப்புக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது."

ரங்கநாதன் பைபருக்குத் தலையாட்டினான். தேன்மொழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பைபர் போட்டா அது பழைய வண்டி இல்லீங்க, பழைய வண்டி வேசம். அப்புறம் எவன் கல்யாணத்துக்குக் கூப்புடுவான்?"

"எங்கப்பனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நான் குடுக்கலீங்களே."

மறுநாள் அவன் வெளியே போனதும் ஸ்பானரை எடுத்தாள். இத்தனை வயதான வண்டி, போல்ட்டெல்லாம் துருவேறி இறுகிக் கிடக்கும் என்று மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தாள். தேவையே இல்லை. இடது பக்கத்துப் போல்ட்டுகள் சொன்ன பேச்சைக் கேட்டுக் கழன்றன. சும்மா வலது பக்கம் ஒன்றைத் திருகிப் பார்த்தாள், அசையவில்லை. மட்கார்டைச் சாக்கில் சுற்றி உடுமலை பஸ்ஸில் ஏற்றினாள்.

கண்டக்டர் பார்த்தார். "மிச்ச வண்டி எந்த பஸ்ஸுல வருதுங்க அம்மிணி?"

சலேத்நாதன் மட்கார்டைக் குப்புறப் போட்டு உள்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் கறுத்தது. "விட்டுட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். தேன்மொழி சர்வேயருக்கு அவர் பெயரைச் சொல்லிவிட்டாள்.

விஷயம் தெரிந்து ரங்கநாதன் வீட்டையே இரண்டாக்கினான். "எங்கப்பன் பேச்சை மண்ணாக்கிட்டியே. வண்டிய அவன் தொட்டுட்டான்."

"மட்கார்டைத்தானுங்க தொட்டார். வண்டி இங்கதான நிக்குது."

"அப்ப என் காதை அறுத்துட்டுப் போனா அது நான் இல்லையா?"

"காது இருந்திருந்தா நான் சொன்னது கேட்டிருக்குமே."

அதற்குப் பிறகுதான் குழந்தை மூலம் பேச்சு. வேலை முடிந்தது என்று தகவல் வந்ததும் இருவரும் உடுமலைக்குப் போனார்கள். மட்கார்டு அன்று பிறந்ததுபோல் இருந்தது. ரங்கநாதன் தூக்கப் போனான். சலேத்நாதன் அதன்மேல் கையை வைத்து அழுத்தினார்.

"தரமாட்டேன்."

"என் பொருள்."

"உன் பொருள்தான். வண்டியக் கொண்டா, நானே மாட்டித் தரேன். இன்னொருத்தன் மாட்டி நான் ஒருதரம் பட்டது போதும்."

"எங்கப்பன் சொன்னது தெரியுமில்ல? உங்க கை வண்டிமேல படக்கூடாது."

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். கொடுத்த வாக்குக்காகப் பிழைப்பையே விடத் துணிந்தவன் ரங்கநாதன். பிழைப்புக்காக வாக்கைச் சுற்றிக்கொண்டு போனவள் தேன்மொழி. அடுத்தவர் பொருளைத் தராமல் பிடித்துவைத்தவர் சலேத்நாதன். இதில் யார் செய்தது சரி? சுண்டுவிரல் நுழையும் அந்த இடுக்கை மறக்காமல் பதில் சொல்லுங்கள்.

சலேத்நாதன் செய்ததுதான் சரி. கழன்ற போல்ட்டுகளே சொல்லியிருக்கும்: அந்த மட்கார்டு முன்பும் ஒருமுறை தனியாகப் பயணம் போயிருக்கிறது. புளியமரத்து மோதலுக்குப் பிறகு சென்னியப்பனே அதைக் கழற்றி, ஆள்விட்டுச் சலேத்திடம் கொடுத்தனுப்பினார். மருமகள் செய்த அதே தந்திரம். தட்டியவர் ஒருவர், மாட்டியவர் ஒருவர் என்பதால்தான் இடது பக்கம் பொருந்தவே இல்லை. மட்கார்டு வேறு, கார் வேறு இல்லை என்பதற்கு அந்த இடுக்குதான் சாட்சி. மாட்டியவரோ வேலை கெட்டதற்குச் சலேத்தைத் திட்டினார். மகன் அங்கே போனால் உண்மை தெரிந்துவிடும் என்று பயந்துதான் அப்பன் வாக்கு வாங்கினார். தானே முறித்த சபதத்தைப் பிள்ளை தலையில் கட்டிவிட்டுப் போனார்.

சலேத்நாதன் மட்கார்டைத் திருப்பி, உள்பக்கம் தன் பழைய சுத்தியல் தடங்களைக் காட்டினார். ரங்கநாதன் விரலால் தடவிப் பார்த்தான். அவன் கோபம் போகவில்லை, ஆள்தான் மாறியது. திட்டவேண்டியவர் சுவரில் மாலையோடு தொங்குகிறார். பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமலே, சலேத்திடம் சொன்னான்:

"சாயங்காலம் வண்டியக் கட்டி இழுத்துட்டு வர்றனுங்கண்ணா. நீங்களே மாட்டி, அந்த இடுக்கையும் மூடிக் குடுங்க."