ஆலங்கிணறு விலக்கு

சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பத்தைந்து. போக்குவரத்துக் கழகம் அப்படித்தான் ஜோடி சேர்த்துவிட்டிருந்தது.

அந்த வருடம் கழகத்தில் ‘நாளைய தலைவர்கள்’ என்று ஒரு வழிகாட்டித் திட்டம் தொடங்கினார்கள். கிளை மேலாளர்களில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி, ஆளுக்கொரு மேலதிகாரியிடம் ஒரு வருடத்துக்கு ஒப்படைத்தார்கள். ஒரு கோப்பு, ஒரு பேனா, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தார்கள். மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் சந்திக்க வேண்டும். வருடக் கடைசியில், வழிகாட்டியின் கையெழுத்தோடு ஒரு திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். எது சிறந்ததோ அதை எழுதியவருக்கு மண்டல மேலாளர் நாற்காலி.

நல்லபெருமாள் அந்த நாற்காலிக்கு ஏங்கினார். கண்டக்டராகச் சேர்ந்தவர். தபாலில் படித்து, பரீட்சை எழுதி, கிளை மேலாளர் வரை வந்துவிட்டார். கண்டக்டராக இருந்த யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஓய்வுக்கு எட்டு வருடம்தான் பாக்கி.

அவருக்கு வாய்த்த வழிகாட்டி ஜெசிந்தா. எந்தத் தடத்தில் எந்த பஸ் எத்தனை மணிக்கு ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று வகுக்கும் பிரிவுக்குத் தலைவி. மற்ற வழிகாட்டிகள் குளிர்சாதன அறையில் டீ வரவழைத்துப் பேசினார்கள். ஜெசிந்தா மாதத்தின் முதல் வியாழன் காலை ஏழு இருபது பஸ்ஸுக்கு வரச் சொன்னார். நாற்பத்தொன்றாம் எண். இருவரும் டிக்கெட் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து போவார்கள்.

ஒவ்வொரு மாதமும் நல்லபெருமாள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். ஒரு நல்ல தலைவருக்கு என்ன வேண்டும்?

முதல் மாதம், ஜன்னல் ஓரம் உட்காருங்கள் என்றார் ஜெசிந்தா. ஐந்தாம் மாதம், அந்த அம்மா கூடையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். எட்டாம் மாதம், நிற்கிற பெரியவருக்கு இடம் கொடுங்கள் என்றார். நல்லபெருமாளுக்கு உள்ளுக்குள் கடுப்புதான். மற்ற பதினொரு பேரின் கோப்புகள் குறிப்புகளால் உப்பிக்கொண்டிருந்தன. அவருடையதில் பன்னிரண்டு பஸ் டிக்கெட்டுகூட இன்னும் சேரவில்லை.

ஒரு மணி நேரம் ஆனதும் ஆலங்கிணறு விலக்கு வரும். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்கு ஒரு மண்பாதை பிரியும் இடம். ஒரு வேப்பமரமும் துருப்பிடித்த பலகையும் உண்டு. ஜெசிந்தா அங்கே இறங்கிக்கொள்வார். உறவுக்காரர் வீடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நல்லபெருமாள் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவார்.

பன்னிரண்டாவது வியாழன் வந்தது. அன்று நல்லபெருமாள் தன் திட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். நாற்பத்தொன்றில் ஒன்பது நிறுத்தங்களை எடுத்துவிட வேண்டும், அதனால் போய்ச்சேர இருபத்திரண்டு நிமிடம் மிச்சம் என்பதுதான் திட்டம். ஒரு மாதம் முழுக்க, நிறுத்தம் வாரியாக எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கண்டக்டர்களைக் குறிக்கச் சொல்லியிருந்தார். பிழை சொல்ல இடமில்லாத வேலை.

ஜெசிந்தா ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பேனாவை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

“நல்லா உழைச்சிருக்கீங்க, சார்.”

இந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வருடம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர் நல்லபெருமாள். சந்தோஷத்தில் அவருக்கு வாய் கொஞ்சம் தாராளமாகிவிட்டது.

“மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது. எடுக்கப் போற ஒன்பதுல ஆலங்கிணறு விலக்கும் ஒண்ணு. மாசம் பூரா அங்க இறங்குனது ஒரே ஒரு ஆளு. தேதியப் பார்த்தா முதல் வியாழன்.”

“ஆமா, நான்தான்.”

“உங்களக் கழிச்சா சைபர், மேடம். அங்க யாரப் பாக்கப் போறீங்க?”

ஜெசிந்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். பதினெட்டு வருடத்துக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் எழுதிய முதல் திட்டமும் இந்த நாற்பத்தொன்றுக்குத்தான். ஆலங்கிணறு விலக்கை எடுத்துவிட்டார். ஏறுகிறவர்கள் குறைவு. நான்கு நிமிடம் மிச்சம். எல்லாரும் பாராட்டினார்கள்.

அடுத்த மாதம் ஒரு அஞ்சலட்டை வந்தது. ஆலங்கிணற்றிலிருந்து தெய்வானை என்று ஒரு பெண் எழுதியிருந்தார். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பஸ் நின்றால் உதவியாக இருக்கும் என்று இரண்டே வரி. தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று அச்சடித்த பதில் போனது. மறு மாதமும் அட்டை வந்தது. அதே பதில். இப்படிப் பதினாறு மாதம்.

“அப்புறம் அட்டை வர்றது நின்னுடுச்சு. முதல் மாசம் நிம்மதியா இருந்துச்சு, சார். ரெண்டாவது மாசம் தபால் வந்ததும் நானே போய்ப் புரட்டிப் பார்த்தேன். மூணாவது மாசம் எனக்கு ஆபீஸ்ல இருப்புக் கொள்ளல. அந்தக் கையெழுத்தைப் பார்க்கணும் போல இருந்துச்சு.”

ஊருக்கே போயிருக்கிறார். வீடு பூட்டிக் கிடந்தது. அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தே போய்வந்த மகள், மழைக்காலத்தில் பாதி நாள் பள்ளிக்குப் போகாமல், கடைசியில் படிப்பை விட்டுவிட்டாள். குடும்பத்தோடு திருப்பூருக்கு மில் வேலைக்குப் போய்விட்டார்கள். விலாசம் யாரிடமும் இல்லை.

“அடுத்த வாரமே பஸ் மறுபடி அங்க நின்னுது. பதினாறு மாசம் பரிசீலனையில இருந்தது, ஒரே வாரத்துல முடிஞ்சுது. ஆனா அதுக்குள்ள ஊர்ல எல்லாரும் வேற வழி பார்த்துக்கிட்டாங்க. பஸ் நிக்குதுங்கறது தெய்வானை குடும்பத்துக்கும் தெரியாது. எப்பவாவது வீட்டைப் பார்க்க வந்தா, இந்த ரோட்டுலதான் வரணும்.”

வேப்பமரம் தெரிந்தது. கண்டக்டர் ஒற்றை விசில் கொடுத்தார். ஜெசிந்தா கோப்பை நல்லபெருமாளின் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

இரட்டை விசில். பஸ் நகர்ந்தது.

அந்த விசிலை நல்லபெருமாள் தன் வாயாலேயே லட்சம் தடவை ஊதியிருப்பார். ஓடிவருகிறவர்களுக்காக ஊதாமல் காத்திருந்ததும் உண்டு, பார்த்தும் பார்க்காததுபோல் ஊதியதும் உண்டு. அப்படி விட்டுவிட்டுப் போனவர்களின் முகம் ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. அதுதான் அவருக்கு என்னவோ செய்தது.

எழுந்து, நிறுத்தச் சொல்லி, கோப்போடு இறங்கினார். கொஞ்ச தூரம் திரும்பி நடந்து வேப்பமரத்தடிக்கு வந்தார். ஜெசிந்தா மண்பாதையைப் பார்த்து நின்றிருந்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. நிழலில் கொஞ்சம் தள்ளி நின்று இடம் கொடுத்தார்.

மண்பாதையில் யாரும் வரவில்லை. ஏப்ரல் வெயில் காலையிலேயே சுட்டது. நல்லபெருமாள் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் பார்வையும் அந்தப் பாதையை விட்டு வரவில்லை.

“எவ்வளவு நேரம் நிக்கணும், மேடம்?”

ஜெசிந்தா வாட்ச்சைப் பார்த்தார்.

“இன்னைக்குன்னா அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம், சார். உங்க திட்டம் வந்த பிறகுன்னா, எனக்குச் சொல்லத் தெரியல.”